பாத்திர எடை

கிளி முதன்முதலாக இருமியது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு. தராசுக்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கழற்றிய செருப்பை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். வறட்டு இருமல், இரண்டு தரம். நிமிர்ந்து பார்த்தார். சமையலறையில் மனைவி ஏதோ துலக்கிக்கொண்டிருந்தாள். கூண்டின் மேல்கம்பியில் கிளி ஒன்றும் அறியாத பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. பிறகு அவர் கண்ணெதிரிலேயே அலகைத் திறந்து மூன்றாம் தரமும் இருமியது.

கைகூடக் கழுவாமல் போய் நோட்டை எடுத்தார்.

தராசு பழுதுபார்ப்பதில் அவருக்கு இருபத்தாறு வருடம். காய்கறிக் கடைத் தராசு, மூட்டை நிறுக்கும் தராசு, மருந்துக் கடைக் குட்டித் தராசு எல்லாம் அவர் மேசைக்கு வந்து, திருந்தி, திரும்பிப் போகும். அவர் பெயரே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தராசுக்காரர் என்றால் போதும். அரை கிராம் பிசகினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "மனுஷன் பொய் சொன்னா மன்னிச்சிடலாம். தராசு பொய் சொல்லக் கூடாது" என்பார்.

கிளி அவர்களுடையதல்ல. சாம்பல் நிறமும் சிவப்பு வாலுமாக நன்றாகப் பேசும் ஜாதி. ஒரு மருந்துக் கடைக்காரர் வீடு மாறிப் போகும்போது "பத்து நாள் பாத்துக்கங்க" என்று விட்டுப் போனார். இரண்டு வருடம் ஆயிற்று. அது கூண்டிலிருந்து இறங்கி, கழுத்தை நீட்டி, அடிமேல் அடி வைத்து வீடு முழுக்கச் சோதனை போடும் அழகைப் பார்த்து மனைவிதான் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தாள்.

"மேனேஜர் வராரு, மேனேஜர் வராரு, எல்லாரும் ஒழுங்கா வேலை பாருங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஒரே மகள் கல்யாணமாகி தூரத்தில் இருந்தாள்.

தராசுக்காரர் எதையும் முறையாகச் செய்கிறவர். கிளி வளர்ப்பைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று வாங்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடு போட்டுப் படித்தார். கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால் கிளர்ச்சி, கையை நீட்டாதே. அலகை நறநறவென்று தேய்த்தால் நிம்மதி, தூக்கம் வருகிறது. உடம்பை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் கிடந்தால் நோய். தலையைக் குனிந்து பின்கழுத்து இறகைச் சிலிர்த்துக் காட்டினால், சொறிந்துவிடு என்று அர்த்தம். அதைத் தான் முழுக்க நம்புகிறவரிடம் மட்டும்தான் காட்டும். இந்தக் கடைசிக் குறியை மேனேஜர் மனைவியிடம் மட்டுமே காட்டியது. தராசுக்காரர் இரண்டு வருடமாக விரலை நீட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

கிளிக்கு நோய் வந்தால் அது மறைக்கும், எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று புத்தகம் சொன்னது. அதனால் தினமும் காலை ஆறே முக்காலுக்கு எடை. இதில் ஒரு சிக்கல். வந்த புதிதில் தராசுத் தட்டு ஆடிக் கிளி கீழே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தட்டைக் கண்டாலே இறக்கையை விரித்துச் சீறும். மனைவியின் தோளில் இருந்தால் மட்டும் எதன் மேல் ஏறினாலும் சட்டை செய்யாது. ஆகவே தராசுக்காரர் கடையில் கழித்துப்போட்ட ஒரு மேடைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்து கிராம் பிசகாதபடி திருத்தி, கூடத்து மூலையில் போட்டார். மனைவி கிளியோடு ஏறி நிற்பாள். எழுதுவார். கிளியை நாற்காலி முதுகில் விட்டுவிட்டுத் தனியாக ஏறுவாள். எழுதுவார். கழித்தால் கிளி.

எண்ணெய் வாங்கும்போது டப்பாவோடு நிறுத்து, வெறும் டப்பாவைக் கழிக்கிறோம் அல்லவா? அந்தக் கழிக்கிற எடைக்கு அவர் தொழிலில் பாத்திர எடை என்று பெயர். நோட்டில் அவர் கோடு போட்டிருந்த பத்திகள் ஐந்து: தேதி, மொத்தம், பாத்திரம், கிளி, குறிப்பு.

அதை மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, நான் பாத்திரமா?"

"தொழில்ல அப்படித்தாம்மா எழுதுவோம்."

"நல்ல பாத்திரம் புடிச்சீங்க. மூடிதான் சரியா மூடாது" என்று தன் வாயையே தட்டிக் காட்டிச் சிரித்தாள். அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும்.

கிளி இருமிய அன்று நோட்டில் 'இருமல்' என்று ஆறாவது பத்தி சேர்ந்தது.

மறுநாளிலிருந்து வீட்டில் தடை உத்தரவுகள் பிறந்தன. நான்ஸ்டிக் வாணலி முதலில் போயிற்று; அதன் புகை பறவைக்கு விஷம் என்று புத்தகம் சொன்னது. அடுத்தது முகப் பவுடர், பிறகு கொசுவத்தி, பினாயில், அலமாரியில் போடும் பூச்சி உருண்டை. மனைவி ஒவ்வொன்றையும் பையில் போட்டுக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"மாமியார் இல்லாத வீடுன்னு சொல்லித்தான் எங்கப்பா என்னைக் குடுத்தாரு. இப்ப கூண்டுல ஒக்காந்து அதிகாரம் பண்ணுது பாருங்க" என்றாள்.

"விளையாடாதே. உனக்கு மழை சமயத்துல சளி புடிச்சுதே, அதுலேருந்து ஒட்டியிருக்குமோ?"

"அது எப்பவோ போச்சுங்க."

"அப்பவே சொன்னேன்ல, கிளி பக்கத்துல இருமாதேன்னு. இருமினியா?"

"இல்லீங்க. ஒரு தடவைகூட கிளி பக்கத்துல இருமல."

அவள் சொன்னதில் எள்ளளவும் பொய்யில்லை.

ஆனாலும் எண்ணிக்கை ஏறியது. நாளுக்கு மூன்று, ஏழு, பதினொன்று. தராசுக்காரர் நேரத்தையும் குறித்தார். ஒரு விசித்திரம் தெரிந்தது. அவர் இருக்கும்போது குறைவாக இருமியது. வெளியே கிளம்பினால்தான் தொடங்கியது. ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினார். மாடிப்படி ஏறும்போதே கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் இருமல், விடாத இருமல். விலா எலும்பைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி எண்ணினார். நாற்பது. கதவைத் திறந்தால் மேனேஜர் மேல்கம்பியில் ஒற்றைக் காலில் நின்றது. மனைவி குளியலறையிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நாப்பது தடவை இருமிச்சு, கேட்டியா?"

அவள் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. "குழாய் ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. காதுல விழல."

இருமல் பத்தியில், கிளியின் கணக்கில், நாற்பது என்று எழுதினார்.

அந்த வாரம் ஒரு காலை, தராசு மேல் நின்றபடி அவள் கேட்டாள். எண் தெரியும் பெட்டி அவர் பக்கம் பார்த்து இருக்கும், அவளுக்குத் தெரியாது.

"ஏங்க, நான் எவ்வளவு இருக்கேன்? ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆகுது."

"அசையாதேம்மா, எண்ணு நிக்கட்டும்." எழுதினார், கழித்தார். முகம் மலர்ந்தது. "நானூத்தி முப்பத்தஞ்சு! அஞ்சு கிராம் ஏறியிருக்கு!"

"பரவாயில்ல" என்றாள் அவள், இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு. "வீட்ல யாராவது ஒருத்தர் தேறினா சரி."

பிறகு மேனேஜர் இறகைப் பிய்த்துக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் நெஞ்சில் நாலைந்து. அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல், கோழித்தோல் மாதிரி. பெருக்கினால் வரும் குப்பையில் சாம்பல் இறகுகள். தராசுக்காரர் அவற்றை எண்ணி உறையில் போட்டு வைத்தார். புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை மூன்று முறை படித்தார். தனிமை, சலிப்பு, பயம், தான் ஒட்டிக்கொண்ட ஆளிடம் ஏதாவது மாற்றம். கடைசிக் காரணத்துக்கு அடிக்கோடு போட்டார். யோசித்துவிட்டு, தான் கடையில் கூடுதல் நேரம் இருப்பதுதான் அது என்று முடிவு கட்டி, மதியமும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவர் வருகிற வேளைகளில் வீடு அமைதியாக இருந்தது. மனைவி மூடி போட்ட பாத்திரம்போல உட்கார்ந்திருந்தாள். அவள் முன்போலப் பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கிளியின் மேல் உள்ள கவலை என்று நினைத்துக்கொண்டார்.

பறவை பார்க்கும் டாக்டர் பேருந்தில் ஒன்றரை மணி தூரம். கடைசி எட்டு மாத நோட்டையும் இறகு உறையையும் எடுத்துக்கொண்டு, கூண்டுக்கு வேட்டி சுற்றி, தராசுக்காரர் புறப்பட்டார். மனைவியும் வருவதாக இருந்தது. வாசல்வரை வந்தவள் செருப்பு மாட்டக் குனிந்து, அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். "நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு வேலை கிடக்கு" என்றாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. கிளியைத் துண்டில் பிடித்து, தொண்டை பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, படமும் எடுத்தார். எல்லாம் சுத்தம். கூண்டுக்குள் விட்டதும் மேனேஜர் உடம்பை உதறிக்கொண்டது. பிறகு இருமியது. இரண்டு குட்டையாக, கொஞ்சம் நிறுத்தி, ஒன்று நீளமாக. அதன் பின்னால் தொண்டையைச் செருமும் ஒலி. அதன் பின்னால், அச்சு அசலாக, குழாய் திறந்து தண்ணீர் விழும் சத்தம்.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "சார், கிளிக்கு இருமல் இல்ல."

"இப்ப இருமிச்சே டாக்டர்!"

"அது இருமுற சத்தம். நமக்கு இரும நெஞ்சுக்குக் கீழ ஒரு தசை இருக்கு. பறவைக்கு அது கிடையாது, அதால இப்படி இருமவே முடியாது. யாரையோ பாத்துப் படிச்சிருக்கு. குழாயோட சேத்துப் படிச்சிருக்கு. வீட்ல யாருக்கு இருமல்?"

"யாருக்கும் இல்லீங்களே."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இவ்வளவு சுத்தமா நோட்டு எழுதுன ஆளை நான் பாத்ததே இல்ல சார்" என்றார். தராசுக்காரருக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. டாக்டரம்மாவின் விரல் ஒரு பத்தியின் மேலே நின்றது, பக்கம் திருப்பியது, மறுபடி நின்றது.

"கிளி எடை சரியா இருக்கு. இது என்ன சார், பாத்திரம்? அம்பத்தெட்டுல ஆரம்பிச்சு வரவரக் குறையுது. இப்ப நாப்பத்தேழரை. பாத்திரம் எப்படிக் குறையும்?"

தராசுக்காரர் நோட்டை எட்டிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். அவருடைய கோடுகள்தான். ஒவ்வொரு எண்ணும் ஐந்து கிராம் பிசகாத எண். இருநூற்று சொச்சம் நாள், காலை ஆறே முக்காலுக்கு, அவரே பார்த்து அவரே எழுதி அவரே கழித்தது.

"அது பாத்திரம் இல்லீங்க" என்றார். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "என் வீட்டுக்காரி."

திரும்பிப் போன ஒன்றரை மணி நேரமும் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேருந்து குலுங்கும் போதெல்லாம் கிளி இருமியது. முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து, "ஐயோ பாவம், உடம்பு சரியில்லையா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினார்.

வீட்டுக் கதவை அவர் தட்டவில்லை. சாவி போட்டு மெதுவாகத் திறந்தார். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வரும்வரை நின்றார்.

"எத்தனை மாசமா?" என்றார்.

அவள் கூண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குட்டு வெளிப்பட்ட குழந்தைபோல் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "மேனேஜர் போட்டுக் குடுத்துட்டாரா?"

"எத்தனை மாசமாம்மா?"

"மழை சளி போகவே இல்லீங்க. நீங்க கிளி பக்கத்துல இருமாதேன்னீங்க. சரி, நீங்க வெளிய போனப்புறம் உள்ள போய் இருமிக்குவோம்னு. மருந்துக் கடையில டானிக் வாங்கிக் குடிச்சேன். அப்புறம் அதுக்கும் இருமல் வந்துச்சா? என்னாலதான் ஒட்டிக்கிச்சுன்னு பயந்துட்டேன். சொன்னா நீங்க..." நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா மூடிக்கிட்டேன்ல? மூடி சரியில்லன்னு இனிமே சொல்ல முடியாது."

தராசுக்காரருக்கு அழுகை வரவில்லை. அவளை அங்கேயே, அந்த நிமிடமே, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் நாற்பத்தெட்டு என்று காட்டியது. அரை கிலோ கூடக் காட்டுகிறது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

படங்களை விளக்குப் பலகையில் மாட்டி டாக்டர் பார்த்தார். "இவ்வளவு எடை குறைஞ்சிருக்கு. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சேன் டாக்டர். எழுதிக்கூட வெச்சிருக்கேன்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை.

"வீட்ல கிளி இருக்கு. அதுலேருந்து வந்திருக்குமா?" என்று தராசுக்காரர் கேட்டார். வந்திருந்தால் பழியைப் போட ஓர் இடமாவது கிடைத்திருக்கும்.

"இல்ல. இது அது இல்ல" என்று டாக்டர் படத்தில் வெள்ளையாகத் தெரிந்த இடங்களைச் சுற்றி விரலை ஓட்டினார். விரல் நிற்கவே இல்லை.

அவள் ஐந்து வாரம் இருந்தாள். மகள் வந்து கூடவே இருந்தாள். கடைசி நாட்களில் பேச மூச்சு போதவில்லை. தெருவெல்லாம் கேட்கப் பேசியவள் விரலால் பேசினாள். ஒருநாள் அவரைக் கிட்டே கூப்பிட்டு, உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தார். இல்லையென்று தலையசைத்தாள். மகளுக்குத்தான் புரிந்தது. "கிளி எடை எவ்வளவுன்னு கேக்குறாங்கப்பா."

"நானூத்தி முப்பது" என்றார். பொய். அது எடை பார்த்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவில்லை.

மகள் பதினைந்து நாள் இருந்துவிட்டு, "எங்ககூட வந்துடுங்கப்பா" என்று நூறு தரம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் போகவில்லை. காரணம் கேட்டதற்குக் கடை என்றார்.

காரணம் வேறு. முதல் நாள் கடைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்தியதும் உள்ளே கேட்டது: இரண்டு குட்டை, ஒரு நெட்டை, செருமல், குழாய்த் தண்ணீர். அவள்தான். அவர் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கிளி அவளுடைய பேச்சில் ஒரு வார்த்தையைப் படித்திருக்கக் கூடாதா? சிரிப்பைப் படித்திருக்கக் கூடாதா? அவளிடமிருந்து அது எடுத்து வைத்திருந்தது அவர் மறைக்கச் சொன்னது ஒன்றை மட்டும்தான். இருந்தாலும் அது அவள் குரல். இந்த உலகத்தில் அது வேறெங்கும் இல்லை. அதன் பிறகு தினமும் சாவியை வைத்துக்கொண்டு வெளியே கால்மணி நேரம் நின்றார்.

கீழ்வீட்டு அக்கா படியேறும்போது பார்த்துவிட்டாள். "என்னண்ணே, பூட்டு சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கும்மா. பாத்துக்கிட்டிருக்கேன்."

முதல் வாரம் நாளுக்குப் பன்னிரண்டு. அடுத்த வாரம் ஒன்பது, பிறகு ஐந்து. குழாய்ச் சத்தம் முதலில் காணாமல் போயிற்று. பறவை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

"நல்லதுதான் சார்" என்றார் அவர். "யாரும் செய்யாத சத்தத்தை அது மெல்ல மறந்துடும். இறகும் முளைக்கும் பாருங்க."

அன்று கிளி ஒரே ஒரு முறை இருமியது. மறுநாள் கால்மணி அரைமணி ஆகியும் கதவுக்கு உள்ளே சத்தமே இல்லை.

தராசுக்காரர் யோசித்தார், எதையும் யோசிப்பதுபோல முறையாக. யாரும் செய்யாத சத்தத்தை மறந்துவிடும். அப்படியானால் யாராவது செய்ய வேண்டும். கடைக்குப் போகாமல் உள்ளே வந்தார். குளியலறைக்குப் போய், கதவை ஒருக்களித்து, குழாயைத் திறந்துவிட்டு இருமினார். இரண்டு குட்டை, கொஞ்சம் நிறுத்தி, ஒரு நெட்டை. செருமினார். அவள் செய்த அதே அளவில், அதே இடைவெளியில். கிளிக்கு ஞாபகப்படுத்தினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ஒன்பது நாள் செய்தார். தொண்டை புண்ணாயிற்று.

பத்தாம் நாள் மாலை செருப்பை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. செருமல். இடைவெளி ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

குரல் மட்டும் கட்டைக்குரல். புண்ணான தொண்டை. ஆண்பிள்ளை இருமல்.

அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மேனேஜர் மறுபடி இருமியது, மறுபடியும் அவருடையதுதான். அவளுடையது அதற்கு அடியில் எங்கேயாவது மிச்சம் இருக்குமா என்று இருட்டும்வரை கூண்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டார். இல்லை. அவரே அதன் மேல் தன்னுடையதை எழுதிவிட்டார்.

விளக்குப் போட எழுந்தபோது கிளி கம்பியோரமாக நகர்ந்து வந்தது. நெஞ்சில் புது இறகு ஊசி ஊசியாக முளைத்திருந்தது. அவரை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மெதுவாகத் தலையைக் குனிந்து, பின்கழுத்து இறகைச் சிலிர்த்துக் காட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு வருடம் அவர் காத்திருந்த குறி அது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், அடிக்கோடு போட்டுப் படித்தவர். கம்பிக்குள் விரலை விட்டார். இறகுக்குக் கீழே கழுத்து, ஒன்றுமில்லாத அளவுக்கு மெலிதாக, சூடாக இருந்தது. கிளி கண்ணை மூடிக்கொண்டது. அவர் சொறிந்துகொண்டே இருந்தார்.